மிஸி கண்ணைப் பார்த்தால்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி நகருக்குப் போகும் காலி வீதியோரம் என்னுடைய ஸ்டூடியோவும் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையும் ஒரே கட்டடத்தில் இருந்தன. நடுவில் வெறும் பலகைத் தட்டி. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். பாஸ்போட் படத்துக்கு வந்தவரை இருத்தி, "நாடியைக் கொஞ்சம் தூக்குங்கோ" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கையில் தட்டிக்கு அப்பால் மிஸியின் குரல் கேட்கும்.

"மேல பாருங்க. கீழ பாருங்க. இப்ப என் மூக்கப் பாருங்க. சரி, கடைசியா எப்ப இரத்தம் சோதிச்சீங்க?"

கண்ணாடி வாங்க வந்தவர் எதற்கு இரத்தம் சோதிக்க வேண்டும்? வந்தவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். சிலர் கோபித்துக்கொண்டும் போனார்கள். மிஸிக்கு அது பொருட்டே இல்லை.

கண்ணாஸ்பத்திரியில் முப்பது வருஷத்துக்கு மேல் தாதியாக இருந்தவர். அங்கே தாதிமாரைக் கூப்பிடும் 'மிஸி' என்ற பெயர், ஓய்வு பெற்று இந்தக் கடைக்குக் கண் பரிசோதிக்க வந்த பிறகும் அவரோடு ஒட்டிக்கொண்டது. கொட்டாஞ்சேனையிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். முழங்காலுக்குக் கீழே இறங்கும் பூப்போட்ட கவுன், வெள்ளைச் சப்பாத்து, கையில் தோல் தேய்ந்த ஒரு சின்னப் பை. பைக்குள் ஒரு கருவி. டோர்ச் மாதிரி இருக்கும். நுனியில் ஊசித் துளையளவு ஒரு ஓட்டை. அவரோடு வேலை செய்த கண் டொக்டர் வெளிநாடு போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. கடையில் கண் பார்க்கும் இருட்டறையில் அந்த ஓட்டை வழியாக ஒருவரின் கண்ணுக்குள் பார்க்கத் தொடங்கினாரென்றால் மூச்சு விடும் சத்தம்கூட வராது.

"ஸ்டூடியோ, இங்க வாங்க" என்று ஒருநாள் கூப்பிட்டார். எனக்கு அவர் வைத்திருந்த பெயர் அதுதான். "மனுசன் ஒடம்புல எங்க பாத்தாலும் தோல் மூடிக்கிட்டு இருக்கு. வெட்டாம கிழிக்காம இரத்தக் குழாய நேரா பாக்கக் கூடிய எடம் ஒண்ணே ஒண்ணுதான். கண்ணுக்கு உள்ள. பிரஷரா, சீனியா, கிட்னியா, எல்லாம் அங்க வந்து கையெழுத்து வெச்சிட்டுத்தான் போகும். அதப் பாத்துட்டு நான் எப்பிடிச் சும்மா இருக்கிறது?"

சும்மா இருக்கத்தான் அவரால் முடியாதே. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர், மீன் விற்பவர், பூசைக்கு வந்த பாதிரியார், யாராக இருந்தாலும் மிஸி முதலில் பார்ப்பது கண்ணைத்தான். ஆனால் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். வருத்தத்தின், அதாவது நோயின், பெயரை ஒருபோதும் எழுதமாட்டார். ஒரு துண்டுக் கடதாசியில், தான் கண்டதை மட்டும் எழுதி டொக்டரிடம் அனுப்புவார். "நான் பாத்தத சொல்றேன். அது என்னான்னு அவங்க சொல்லட்டும்."

கடை முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். ஹாஜியார் என்போம். நல்ல மனுஷன்தான், ஆனால் பொறுமைக்கும் ஒரு அளவு இருக்கிறதல்லவா?

"மிஸி, இன்டைக்கு மூணு கஸ்டமர் வந்த. மூணு பேரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டீங்க. நான் கண்ணாடி விக்கிறதா, அம்புலன்ஸ் ஓட்டுறதா?"

"ஹாஜியார், நீங்க குடிக்கிற தேத்தண்ணில எத்தின கரண்டி சீனின்னு நான் இன்னும் கேக்கல்ல."

ஹாஜியார் உடனே மேசை லாச்சியைத் திறந்து எதையோ தேடத் தொடங்கிவிடுவார்.

ரெயில்வேயில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்தது நினைவிருக்கிறது. முகமெல்லாம் சிரிப்பு. "மிஸி, பதினைஞ்சு வருஷமாப் பேப்பர் வாசிக்கக் கண்ணாடி போட்டனான். இப்ப ரெண்டு கிழமையா அது இல்லாமலே எழுத்து துலக்கமாத் தெரியுது. கடவுள் கண்ணைத் திருப்பித் தந்திட்டார். தூரத்தில வாற பஸ் நம்பர்தான் கொஞ்சம் மங்கல். அதுக்கு ஒண்டு செய்து தாங்கோ."

மிஸி சிரிக்கவில்லை. "தாகம் கூடவா இருக்கா? அடிக்கடி சிறுநீர் போகுதா?"

"அதையேன் கேக்கிறியள்? கொழும்பு வெக்கை, தண்ணி குடிக்கிறன்."

"இரத்தத்துல சீனி ஏறினா கண்ணுக்குள்ள இருக்கிற வில்லை வீங்கும். கிட்டத்துல தெரியும், தூரத்துல தெரியாது. இன்னிக்கு நான் கண்ணாடி எழுதித் தந்தா, சீனி எறங்கினதும் அது உங்களுக்குச் சரிவராது. மொதல்ல சீனியப் பாத்துட்டு வாங்க."

கடவுள் தந்த கண்ணை சீனி தந்தது என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பம்பலப்பிட்டியில் வேறு கடையில் கண்ணாடி செய்து போட்டுக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து, பழைய கண்ணாடி ஒரு கையிலும் புதியது மறு கையிலுமாகக் கடை வாசலில் நின்றார். இடையில் ஒருநாள் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் சீனி கண்டுபிடித்து, மருந்து தொடங்கியிருந்தார்கள். புதுக் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை, பழையதில்தான் தெரிந்தது. மிஸி ஒரு வார்த்தை குத்திக் கதைக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்க, காலக் காட்டுங்க, புண் ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார்.

இன்னொரு நாள் என்னுடைய ஸ்டூடியோவில் நடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜில் தங்கியிருந்த ஒரு தாயும் மகளும். கனடாவில் இருக்கும் மாப்பிள்ளைக்கு அனுப்பப் படம் வேண்டும். எத்தனை தரம் எடுத்தாலும் பிள்ளையின் கண்கள் எதையோ கண்டு திடுக்கிட்டது போல விரிந்து நின்றன. இமையைக் கொஞ்சம் தாழ்த்தச் சொன்னேன், சிரிக்கச் சொன்னேன், விளக்கை மாற்றி வைத்தேன். நான்காம் முறையும் அதே கண்கள்.

தாய் அழத் தொடங்கினாள். "ரெண்டு வருஷத்துக்கு முந்தி தமையனை ஆமி சுற்றிவளைப்பில கொண்டு போன நாள் தொடக்கம் இப்பிடித்தான் தம்பி. அந்தப் பயம் கண்ணில நிண்டிட்டுது. கை நடுங்குது. நித்திரையில்லை. நல்லாத்தான் சாப்பிடுறாள், உடம்பில ஒட்டுதில்லை."

தட்டிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "நல்லா சாப்பிடுறாளா?"

தாய் திகைத்துப்போய்ப் பலகையைப் பார்த்தாள்.

"ஓம்" என்றாள் மகள், பலகையை நோக்கி. "எவ்வளவு சாப்பிட்டாலும் பசிக்குது."

மிஸி வந்துவிட்டார். பிள்ளைக்கு முன்னால் விரலைப் பிடித்து, மேலிருந்து மெல்லக் கீழே இறக்கினார். விரலோடு கருவிழி இறங்கியது. மேலிமை பின்தங்கியே நின்றது. கருவிழிக்கு மேல் வெள்ளையாக ஒரு கீற்று. பிறகு என்னிடம் ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கி, "குடிங்க பிள்ள" என்றார். அவள் குடிக்கையில் கண்ணை விட்டுக் கழுத்தைப் பார்த்தார்.

"பயந்த ஆளுக்குப் பசி வராது அம்மா. பயமும் இருக்கும், இல்லன்னு சொல்லல்ல. ஆனா இந்தக் கண்ணு கழுத்துல இருக்கிற சுரப்பி செய்ற வேல. அது வேகமா ஓடுது. மருந்து இருக்கு."

அவர்கள் போனபின் என்னிடம் சினந்துகொண்டார். "இந்தச் சண்ட வந்த பொறகு எல்லாத்துக்கும் அதையே சொல்றாங்க, ஸ்டூடியோ. தலையிடிச்சா டென்ஷன். பார்வ மங்கினா டென்ஷன். ஒடம்புக்கு வேற வேலையே இல்லியா? அந்தப் பிள்ள ரெண்டு வருசமா நடுங்கியிருக்கு. ஒருத்தர்கூடக் கழுத்தப் பாக்கல்லியே."

ஒன்பது மாதம் மருந்து எடுத்த பிறகு அந்தப் பிள்ளையை மறுபடி படம் பிடித்தேன். ஒரு கண் மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிது, தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். கனடாக்காரருக்கு அதற்குள் வேறிடத்தில் நிச்சயமாகிவிட்டது. தமையன் வெளியே வந்திருந்தான். அவன் கையில் கொடுக்கத்தான் அந்தப் படம் என்றாள்.

மிஸி பிழை விட்டதும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடையில் கூட்டமான ஒரு சனிக்கிழமை. அறை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்த ஒரு பெடியன், உடைந்த கண்ணாடிச் சட்டத்தை ஒட்ட வந்திருந்தான். மிஸி அவனைக் கடந்து போகிறபோதே சொல்லிவிட்டார்: "தம்பி, கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கே. செங்கமாரி. ஒடனே போய்க் காட்டுங்க." சொன்னது சரி. ஆனால் அவன் தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவும் அந்தக் கூட்டத்தில் நின்றார். தொற்றிவிடும் என்ற பயத்தில் அன்று பின்னேரமே அவனுடைய பையைப் படியில் வைத்துவிட்டார்.

அந்தக் காலத்தில் கொழும்பில் ஒரு தமிழ்ப் பெடியனுக்கு அறை போவது சும்மா விஷயமா? தங்கும் தமிழரெல்லாம் பொலிஸில் பதிய வேண்டும், பதிந்த துண்டு அந்த வீட்டு விலாசத்தில்தான் இருக்கும். விலாசம் போனால், அடுத்த சோதனையில் ஆளும் போகலாம்.

இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. மிஸியிடம் சொன்னேன். இருட்டறையைப் பூட்டினார். "வாங்க" என்றார். லொட்ஜ் லொட்ஜாக ஏறி இறங்கினோம். ஒரு கோயில் மண்டபத்து மூலையில், காய்ச்சலோடு பையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கிடந்தான். மிஸி அவன் பக்கத்தில் தரையில் அப்படியே உட்கார்ந்தார்.

"மன்னிச்சிக்கோங்க தம்பி. என் வாய்தான் உங்கள இங்க கொண்டு வந்து போட்டது."

அவனைக் கொட்டாஞ்சேனைக்குத் தன் வீட்டுக்கே கூட்டிப் போனார். தானே பொலிஸுக்கு நடந்து, தன் விலாசத்தில் அவனைப் பதிந்தார். முன் அறையைக் கொடுத்து, பத்தியச் சோறு ஆக்கிப் போட்டு, கண் வெள்ளையாகும்வரை வைத்திருந்தார். அதன்பிறகு, இருட்டறைக்குள் திரையை இழுத்து மூடாமல் யாருடைய வருத்தத்தையும் அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. "வாய் இருக்கே ஸ்டூடியோ, அது கண்ணவிட மோசம்" என்பார்.

பல வருஷங்களுக்குப் பிறகு அவர் ஒஸ்ரேலியாவுக்குத் தங்கச்சி மகளிடம் போய்விட்டார். அங்கிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. "இங்க சாமான் கடையில் காசு வாங்கும் பையனுக்கு முப்பது வயசுகூட இல்லை. கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் கட்டியிருக்கிறது. கொழுப்பு. எப்படிச் சொல்லுவது என்று இங்கிலீஷில் யோசித்து முடிப்பதற்குள் வரிசை நகர்ந்துவிடுகிறது. மூன்று கிழமையாக அவனுடைய வரிசையிலேயே நிற்கிறேன்." சொன்னாரா இல்லையா என்று அடுத்த கடிதத்தில் எழுதவில்லை. மூன்றாவது கடிதம் வரவில்லை. தங்கச்சி மகள்தான் போனில் சொன்னாள், நித்திரையிலேயே போய்விட்டார் என்று.

இனி, மிஸி கடையில் இருந்த காலத்தில் நடந்த என்னுடைய விஷயத்தைச் சொல்கிறேன்.

நாற்பத்தொரு வயதில் எனக்கு இடைவிடாத தலையிடி. மோதிரம் இறுகிப்போய், நகைக்கடையில் வெட்டி எடுத்தார்கள். சப்பாத்து ஒரு அளவு கூடிற்று. கொழும்புச் சாப்பாடு என்று நினைத்தேன். கதவு நிலையில் தோள் மோதும். விளக்குத் தண்டுகளைத் தட்டி விழுத்துவேன். "சந்தைக்குப் போனா ஆக்களை இடிச்சுப்போட்டு வாறியள்" என்று மனைவி பேசுவாள். கமராவுக்குள்ளால் பார்த்தால் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. ஆகவே கண்ணில் குறை என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

சந்தைக்குக் கிட்ட ஒரு சோதனைச் சாவடி இருந்தது. ஆமிக்காரர்கள் ஓரத்தில் நின்று கை காட்டுவார்கள், நிற்க வேண்டும். நான் இரண்டு தரம் நிற்காமல் நடந்துவிட்டேன். முதல் தரம் கத்திக் கூப்பிட்டார்கள். இரண்டாம் தரம் சுடுவதற்குத் துவக்கின் லொக்கைத் தட்டும் சத்தம் கேட்டுத்தான் நின்றேன். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தவன் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மே ஒயாத?" இது நீயா என்று கேட்டான்.

என் ஸ்டூடியோவில் நானே எடுத்த என் படம். நான்தான் என்றேன். நம்பவில்லை. ஒரு பகல் முழுக்கப் பொலிஸில் இருத்தி வைத்தார்கள். ஹாஜியார் வந்து, சாட்சி சொல்லி, எடுத்து விட்டார்.

மறுநாள் மிஸியிடம் ஆற்றாமையோடு அட்டையை நீட்டினேன். "பாருங்கோ மிஸி. இதில என்ன பிழை? இது நான் இல்லையாம்."

மிஸி படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"எப்ப எடுத்தது?"

"எட்டு வருஷம்."

"மோதிரம் எங்க?"

"வெட்டி எடுத்தது. ஏன் கேக்கிறியள்?"

"கையக் காட்டுங்க." என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். "தாடை நீண்டிருக்கு. மூக்கு தடிச்சிருக்கு. கை பெருத்திருக்கு. அந்த ஆமிக்காரப் பையன் ஒரே நாள்ல கண்டதை, ரெண்டு வருசமா பக்கத்துல இருந்து நான் காணல்லியே. தெனமும் பாக்கிற மூஞ்சி. கொஞ்சம் கொஞ்சமா மாறினா யாருக்குத் தெரியும்? வாங்க உள்ள."

இருட்டறையில் எழுத்து அட்டையை வாசிக்கச் சொன்னார். கடைசி வரிவரை வாசித்தேன். திரைக்கு வெளியே நின்ற ஹாஜியார், "அல்ஹம்துலில்லாஹ், கழுகுக் கண்ணு" என்றார்.

மிஸி விளக்கைப் போட்டு, முழங்காலோடு முழங்கால் முட்ட எனக்கு நேரே உட்கார்ந்தார். "இடது கண்ண பொத்துங்க. என் மூக்கையே பாருங்க. பக்கத்துல இருந்து விரல் வரும். தெரியும்போது சொல்லுங்க."

மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். மின்விசிறி சுற்றியது. அவர் ஏன் இன்னும் தொடங்கவில்லை என்று யோசித்தேன்.

"கையைத் தூக்குங்கோ மிஸி, பிறகு சொல்லுறன்."

"தூக்கி ரொம்ப நேரம், ஸ்டூடியோ."

அவருடைய காதோரத்தில், எங்கிருந்தோ முளைத்தது போல ஒரு விரல் வந்து ஆடிற்று. மற்றக் கண்ணிலும் அப்படியே. எனக்கு இருட்டாக எதுவும் தெரிந்ததில்லை. கறுப்பாகத் திரை விழுந்ததில்லை. இரண்டு ஓரத்திலும் உலகம் இல்லாமலே போயிருந்தது. இல்லாததை நான் எப்படிக் கவனிப்பேன்?

மிஸி துண்டுக் கடதாசியில் எழுதினார். ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் அடியில் கடலைப்பருப்பளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம், அதில் கட்டி. உடம்பை வளர்க்கும் நீரை அது வேண்டாத நேரத்தில் சுரந்துகொண்டிருந்தது. அதற்கு மேலேதான் இரண்டு கண் நரம்பும் சந்திக்கும் இடம். கட்டி அங்கே முட்டியதில் இரு ஓரத்துப் பார்வையும் போயிற்று. ஆறு கிழமையில் ஒபரேஷனுக்கு நாள் தந்தார்கள்.

ஒபரேஷன் நடந்தது. தப்பினேன். ஒரு பக்கத்துப் பார்வை பெரும்பாலும் திரும்பியது, மறுபக்கம் பாதி. முகம் பழையபடி ஆகவில்லை. புதிய முகத்தோடு புதிய அட்டை எடுத்தேன். ஆனால் எனக்கு மறக்க முடியாதது அதற்கு முந்திய அந்த ஆறு கிழமைதான்.

"ஆறு கெழமையும் வீட்டுக்குள்ள இருக்கப் போறீங்களா?" என்று மிஸி கேட்டார்.

"இருக்க ஏலாது மிஸி. கடை பூட்டினா சாப்பாடு?"

"அப்ப நாளைக்குக் காலையில என்னோட வாங்க."

சோதனைச் சாவடிக்கு என்று கேட்டதும் மனைவி பதறிப்போனாள். "அவங்களுக்கு முன்னால போய்க் குறையைச் சொல்லுறதோ? பாவனை பண்ணுறான் எண்டு கொண்டு போனா?" ஹாஜியாரும் தலையில் கை வைத்தார். "மிஸி, ஆமியோட வெளயாட்டு வேணாம்."

"சொல்லாமப் போனா சுடுவாங்க. சொல்லிட்டுப் போனா, சுட முந்தி யோசிப்பாங்க" என்றார் மிஸி.

அடுத்த நாள் ஒரு மணித்தியாலம் முந்தியே பஸ் ஏறி வந்துவிட்டார். என் முழங்கையைப் பிடித்துச் சாவடிக்குக் கூட்டிப் போனார். அவர் நேரே பொறுப்பானவனிடம் போய், "மல்லி, பொட்டக் எண்ட" என்றார். தம்பி, கொஞ்சம் வா. வீட்டில் தண்ணீர் கேட்பது போன்ற குரல்.

எல்லாம் சிங்களத்தில் சொன்னார். இந்த மனுஷனுக்கு முன்னால் மட்டும்தான் தெரியும். பக்கத்தில் லொறி நின்றாலும் தெரியாது. ஓரத்தில் கை காட்டினால் நிற்கமாட்டார். அது திமிர் என்று நினைத்துவிடாதே. முன்னால் வந்து காட்டு. ஆஸ்பத்திரிக் கடதாசியையும் காட்டினார். பொறுப்பானவன் கடதாசியை முன்னும் பின்னும் திருப்பினான். "நடிக்கிறானோ?" என்றான்.

"நீயே சோதிச்சுப் பார்."

வீதியோரத்தில், போகிற வருகிற சனம் பார்க்க, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நான் நின்றேன். அவன் பக்கத்தில் விரலை ஆட்டினான். எனக்குத் தெரியவில்லை. மெல்ல முன்னே கொண்டுவந்தான். "ஆ, இப்ப" என்றேன். அவன் சிரிக்கவில்லை. மற்றவர்களையும் கூப்பிட்டான். ஒவ்வொருவனும் விரலை ஆட்டிப் பார்த்தான். ஒல்லியான ஒருவன் மட்டும் இரண்டாம் தரமும் வந்து பார்த்தான்.

காவல் முறை மாறும் என்பதால் அந்தக் கிழமை முழுக்க மிஸி ஒவ்வொரு காலையும் வந்தார். ஒவ்வொரு புது முகத்துக்கும் என்னை அறிமுகப்படுத்தினார். எனக்கு வெட்கமாக இருந்தது. "வெக்கப்பட்டா பரவால்ல, ஸ்டூடியோ, ஆள் இருக்கணும்" என்றார்.

நான்காம் கிழமை. நகரத்தில் எங்கோ குண்டு வெடித்ததாக மத்தியானம் செய்தி வந்தது. கடைகள் பூட்டத் தொடங்கின. நானும் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். சாவடியில் புதிதாக வேறு ஆட்களை இறக்கியிருந்தார்கள். எனக்கு முன்னால் பாதை வெறுமையாகத் தெரிந்தது, நடந்தேன். திடீரென்று கத்தல். எந்தப் பக்கமென்று தெரியவில்லை. நின்று திரும்புவதா, திரும்பினால் ஓடப்போகிறேன் என்று நினைப்பார்களா? கைகளைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றேன். மனைவியின் முகம் வந்துபோயிற்று.

சப்பாத்துக் கால்கள் ஓடிவரும் சத்தம். என் முன்னால் ஒருவன் வந்து நின்றான். அந்த ஒல்லியானவன். எனக்கும் துவக்குகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு, தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினான்: "மெயாட்ட பத்தென் பேன்னே நே!" இவருக்குப் பக்கத்தில் தெரியாது. பிறகு என் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கி, "பய வென்ன எப்பா, அய்யே" என்றான். பயப்படாதே அண்ணா. அவனுக்கும் மூச்சு வாங்கியது. வீதியைக் கடத்தி விட்டுவிட்டுத்தான் திரும்பினான்.

அதை மிஸியிடம் சொன்னபோது, சிலுவை போட்டுக்கொண்டு, இருட்டறைக்குள் போய்விட்டார். வெளியே வர வெகுநேரம் ஆயிற்று.

ஒபரேஷனுக்கு மூன்று நாள் முந்தி, கொடுக்கவேண்டிய படங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டு ஸ்டூடியோ மேசையில் இருந்தேன். தட்டி ஓரத்தால் எட்டிப் பார்த்து ஹாஜியார் கூப்பிட்டார்: "ஸ்டூடியோ, ஒங்கட பக்கத்துல ஆள் நிக்கிறது தெரியல்லியா? எவ்வளவு நேரமா நிக்கிறார்!"

திரும்புவதற்குள் அந்த ஆள் தானாகவே சுற்றி வந்து என் முகத்துக்கு நேரே நின்றான். சாரமும் வெள்ளைச் சேட்டும். சீருடை இல்லாமல் எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை, சாவடியில் நின்ற அந்த ஒல்லியானவன். அவனுக்குப் பின்னால் ஒரு கிழவி, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபடி, புது இடத்தில் கால் வைக்கப் பயந்து வாசலிலேயே நின்றாள்.

"அய்யே, அம்மாவை ஊரிலிருந்து கூட்டி வந்தேன்" என்றான் சிங்களத்தில். "கொஞ்ச நாளாகப் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. ஊரில் எல்லோரும், நான் பட்டாளத்துக்குப் போனதிலிருந்து அழுது அழுதுதான் கண் போயிற்று என்கிறார்கள். மிஸி ஒருக்கால் பார்ப்பாரா?"

மிஸி ஏற்கெனவே தட்டியைச் சுற்றி வந்துவிட்டார். வாசலுக்குப் போய் அந்தத் தாயின் இரண்டு கன்னத்தையும் கையில் ஏந்தி, வெளிச்சத்துக்குத் திருப்பினார். கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் எடுத்தார். கடைக்குள் நாங்கள் நிற்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

"உள்ள வாங்க அம்மா" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய், திரையை இழுத்து மூடினார்.